நிலாவெளிக்குக் குதிரை வாங்குவது: விற்பவர் எவற்றை மறைக்கலாம், நாம் எதைப் பார்க்க வேண்டும்?

கரையோரத்தான் (நிலாவெளி):

அனைவருக்கும் வணக்கம். நிலாவெளியில் எங்கள் குடும்பத்துக்குச் சிறியதொரு விருந்தினர் விடுதி இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் பிள்ளைகளோடு வரும் குடும்பங்களே எங்களுக்கு அதிகம். அந்தப் பிள்ளைகளைக் கரையோரமாக ஏற்றிச் செல்வதற்குச் சாதுவான குதிரை ஒன்றை வாங்கலாம் என்று தம்பியும் நானும் நெடுநாளாகப் பேசி வருகிறோம்.

இணையத்தில் விளம்பரம் ஒன்றைக் கண்டு மலைநாட்டில் உள்ள ஒருவரோடு தொலைபேசியில் பேசினேன். ஏழு வயதுப் பெண் குதிரை, பிள்ளைகள் ஏறிப் பழகியது, ஒரு குறையும் இல்லை, மகள் படிப்புக்காக வெளிநாடு போய்விட்டதால் மனமில்லாமல் விற்கிறேன் என்றார். அவர் அனுப்பிய காணொளியில் அந்தக் குதிரை புல்வெளியில் ஒரு சிறுவனைச் சுமந்துகொண்டு மிக நிதானமாக நடக்கிறது. கொழும்பிலிருந்து வேறொருவரும் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் முற்பணம் அனுப்பினால் எங்களுக்கே தருவதாகவும் சொல்கிறார். எங்கள் வீட்டில் மாடு வளர்த்த பழக்கம் உண்டு. குதிரையைப் பற்றி இருவருக்கும் எதுவும் தெரியாது. இந்த வியாபாரத்தில் என்னென்ன ஏமாற்று நடக்கும், போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியாக இருக்கும்.

பட்டிக்காரன் (கிண்ணியா):

தம்பி, கொழும்பிலிருந்து கேட்கும் அந்த வேறொருவரை நான் நாற்பது வருடமாக மாட்டு வியாபாரத்தில் பார்த்து வருகிறேன். கந்துரிக்கு மாடு வாங்கப் போனாலும், கறவைப் பசு வாங்கப் போனாலும் அவர் எப்போதும் எனக்கு ஒரு நாள் பின்னால்தான் வந்துகொண்டிருப்பார். இன்று வரை ஒருமுறையேனும் வந்து சேர்ந்ததில்லை. கண்ணால் காணாத பிராணிக்கு முற்பணம் அனுப்ப வேண்டாம். அந்தக் காணொளி அவருடைய குதிரையினுடையதுதானா என்பதற்கே உங்களிடம் சான்று இல்லை.

குதிரையை நான் வளர்த்ததில்லை. ஆனால் விற்பவன் செய்யும் வேலை எந்தப் பிராணிக்கும் ஒரே மாதிரியானதுதான். பசுவை விற்பவன் முதல் நாள் மாலையும் அன்று காலையும் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்க வைத்துக் காட்டுவான். வாங்கியவன் வீட்டில் முதல் வேளை வாளி நிறையும், மூன்றாம் நாள் அரைவாசிதான் வரும். ஆகையால் நீங்கள் வரும் நாளும் நேரமும் அவருக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது. சுழியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மிருகவைத்தியர்:

நான் கிழக்கில் அரச கால்நடை வைத்தியராகப் பணியாற்றுகிறேன். நாளாந்தம் பார்ப்பது மாடும் ஆடும் கோழியும்தான் என்றாலும், படிக்கும் காலத்திலும் அதன் பின்னரும் குதிரைகளோடு ஓரளவு பழகியிருக்கிறேன். கிண்ணியா நானா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் முழு விடயமும் அதில்தான் அடங்கியிருக்கிறது. குதிரை வியாபாரத்தில் நடக்கும் மோசடிகளில் பெரும்பாலானவை சில மணி நேரமோ சில நாட்களோ மட்டும் நிலைக்கக்கூடியவை. விற்பவர் தமக்கு வசதியான நேரத்தையும் தரையையும் தாமே தெரிவு செய்யும்போதுதான் அவை பலிக்கின்றன.

முதலாவது நொண்டல். புல்லிலும் மணலிலும் நடத்திக் காட்டினால் குளம்பில் வலியுள்ள குதிரைகூட நன்றாகவே நடக்கும். அதனால்தான் உங்கள் காணொளியில் புல்வெளி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தார் வீதியில், தலைக்கயிறு தளர்வாக இருக்க, யாரும் மேலே ஏறாமல் மெல்லோட்டமாக உங்களை நோக்கியும் உங்களிடமிருந்து விலகியும் ஓடவிடச் சொல்லுங்கள். முன்காலில் வலியிருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை உயரும், நல்ல கால் படும்போது தலை தாழும். இரண்டு முன்கால்களிலும் ஒரே அளவு வலியிருந்தால் தலை ஆடாது; அடி மட்டும் குறுகி, முட்டைமேல் நடப்பது போல் நடக்கும். இதை நிதானமான குதிரை என்று சொல்லி விற்றுவிடுவார்கள். அதன் பின் ஒவ்வொரு காலையும் மூட்டு மடியுமாறு ஏறத்தாழ ஒரு நிமிடம் தூக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடவிட்டால், மறைந்திருக்கும் மூட்டு வலி முதற் சில அடிகளில் வெளிப்படக்கூடும்.

இரண்டாவது மருந்து. பினைல்பியூட்டசோன் என்ற வலி நிவாரணியைக் குதிரைக்குக் கொடுத்தால் ஒரு நாளுக்கும் மேலாக நொண்டல் அடங்கியிருக்கும். முரட்டுக் குதிரையைச் சாதுவாகக் காட்டுவதற்கு ஏசிப்ரோமசின் போன்ற மயக்க மருந்துகள் உண்டு. பாதி மூடிய கண், தொங்கும் கீழுதடு, ஈயை விரட்டக்கூட மனமில்லாத வால், ஆண் குதிரையானால் வெளியே தொங்கும் குறி ஆகியவை அதற்கான அடையாளங்கள். மருந்தில்லாமலும் இதைச் செய்யலாம். முதல் நாள் முழுவதும் தண்ணீர் காட்டாமல் விட்டாலோ, நீங்கள் வருவதற்கு முன் கயிற்றில் கட்டி வட்டமாக ஓடவைத்துக் களைக்கச் செய்தாலோ, எந்தக் குதிரையும் அடக்கமாகத்தான் நிற்கும். போனவுடன் வார்ப்பட்டி படும் இடத்தையும் பிடரிமயிருக்குக் கீழேயும் கையால் தடவிப் பாருங்கள். காய்ந்த வியர்வையின் உப்பு அங்கே ஒட்டியிருந்தால், காலையில் அது உங்களுக்காக உழைத்துவிட்டு வந்திருக்கிறது.

பிரித்தானியாவில் வாங்குவோருக்காக ஐந்து கட்டப் பரிசோதனை ஒன்றை வைத்தியர்கள் செய்கிறார்கள்: நின்ற நிலையில் பார்ப்பது, நடத்தியும் ஓட்டியும் பார்ப்பது, கடும் பயிற்சி, ஓய்வு, மீண்டும் ஓட்டம். அந்த ஓய்வு முக்கியமானது, ஏனென்றால் உடல் சூட்டில் மறைந்த இறுக்கம் ஆறிய பின்தான் தெரியும். அப்போதே இரத்தமும் எடுத்து ஆறு மாதம் வைத்திருப்பார்கள். வாங்கிய பின் குதிரையின் நடையோ குணமோ மாறினால் அந்த இரத்தத்தில் மருந்து தேடலாம். இங்கே அந்த ஏற்பாடு வழக்கத்தில் இல்லாவிட்டாலும், இரத்தம் எடுக்கலாமா என்று விற்பவரிடம் கேட்பதற்குத் தடையில்லை. கேட்கும்போது அவருடைய முகத்தைப் பாருங்கள்.

மூன்றாவது வயது. ஐந்து வயது வரை பல் பொய் சொல்லாது. நடு வெட்டுப்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரத்தவை நாலரையிலும் விழுந்து முளைக்கும். பிறகு கீழ் வெட்டுப்பற்களின் மேற்பரப்பிலுள்ள குழிகள் ஆறு, ஏழு, எட்டு வயதுகளில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொன்றாகத் தேய்ந்து மறையும். இங்கேதான் பழைய வியாபாரிகள் கைவரிசை காட்டினார்கள்: கிழட்டுக் குதிரையின் பல்லில் குழி தோண்டிக் கருமையேற்றி ஏழு வயதாக்கினார்கள். இயற்கையான குழியைச் சுற்றி வெண்மையான எனாமல் வளையம் இருக்கும். தோண்டிய குழிக்கு அது இருக்காது. ஆனால் பல்லில் கைவைக்கும் அளவுக்கு இப்போது யாரும் சிரமப்படுவதில்லை. வாங்குபவர் வாயைத் திறந்து பார்க்க மாட்டார் என்ற நம்பிக்கையே அவர்களுக்குப் போதும். மேல்வரிசை ஓரத்து வெட்டுப்பல்லின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். ஏறத்தாழ பத்து வயதில் ஈறோரமாகச் செங்குத்தான ஒரு கோடு தோன்றும். பதினைந்தில் அது பல்லின் பாதிவரை இறங்கும். இருபதில் முழுப் பல்லுக்கும் ஓடும். முன்பின் சில ஆண்டுகள் மாறலாம்; ஆனால் ஏழு வயதுக் குதிரைக்கு அந்தக் கோடு பாதிவரை இருக்காது.

ஓய்வுநிலை ஆசிரியர் (தம்பலகாமம்):

டொக்டரின் விளக்கத்தைப் படித்தபோது ஒன்றைச் சேர்க்கத் தோன்றியது. தமிழர் குதிரை வியாபாரத்தில் ஏமாந்தது இன்று நேற்றல்ல. பாண்டிய நாட்டில் குதிரை பிறப்பதில்லை. ஒர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் வணிகர்கள் கப்பலில் கொண்டுவரும் குதிரைகளை மன்னன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறான். ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்று 13 ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதினார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை அந்த வணிகர்கள் வேண்டுமென்றே இங்கே வரவிடவில்லை, செத்தால்தானே மறு வருடமும் வாங்குவான் என்றும் அவர் சொல்கிறார். மாணிக்கவாசகருக்காக நரிகள் பரிகளாகி அன்றிரவே மீண்டும் நரிகளான கதை நம் எல்லோருக்கும் தெரியும். இறைவனே விற்றாலும் இரவு தாண்டும்வரை லாயத்தில் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும் என்று எங்கள் அப்பு வேடிக்கையாகச் சொல்லுவார்.

கரையோரத்தான் (நிலாவெளி):

டொக்டர், மாஸ்டர், நானா, மூவருக்கும் மிக்க நன்றி. முற்பணம் அனுப்பவில்லை. அவரிடம் தார் வீதியில் ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். குளம்பு தேய்ந்துவிடும், நீங்கள் மணலில்தானே ஓட்டப் போகிறீர்கள் என்று பதில் வந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற ஆண் குதிரை ஒன்றும் மலிவாக இருப்பதாகச் சொல்கிறார்; அது எங்களுக்கு ஒத்துவருமா? சுழியைப் பற்றியும் யாராவது விளக்க வேண்டும்.

மலைநாட்டான்:

நுவரெலியாவில் மட்டக்குதிரை வைத்துச் சவாரி விடும் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். விற்பவர் எல்லோரும் கள்ளர் என்பது போல் இந்த உரையாடல் போவதால் எங்கள் பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். வாங்கிக்கொண்டு போய், லாடமில்லாத காலோடு சரளைக் கல்லில் நாள் முழுவதும் ஓட்டி, தவிட்டையும் பாணையும் வயிறு முட்டக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து நொண்டிக் குதிரையைத் தந்துவிட்டாய் என்று சண்டைக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். கண்ட தீனியைக் கொடுத்தால் வரும் குளம்பழற்சி எங்கள் வீட்டில் தொடங்கியதா உங்கள் வீட்டில் தொடங்கியதா என்று பிறகு யார் தீர்ப்புச் சொல்வது? ஆகையால் நேர்மையான விற்பனையாளரும் பரிசோதனையை விரும்பவே செய்வார். தார் வீதியில் இரண்டு நிமிடம் ஓடினால் எந்தக் குளம்பும் தேயாது, தம்பி. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு எங்கள் குதிரைகள் அன்றாடம் நடப்பதே தார் வீதியில்தான்.

குளம்பழற்சி முன்பு வந்திருந்தால் குளம்பின் சுவரில் வளையங்கள் விழுந்திருக்கும். குதிகால் பக்கம் அவை ஒன்றுக்கொன்று விலகியிருக்கும். விற்பவர்கள் குளம்புக்குக் கறுப்பு எண்ணெய் பூசி நிறுத்துவது அழகுக்காக மட்டுமல்ல. ஒரு துணியை ஈரமாக்கித் துடைத்துவிட்டுப் பாருங்கள். முன்வரிசைப் பற்களின் விளிம்பு சீவியது போல் தேய்ந்திருந்தால், அது பலகையைக் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கமுள்ள குதிரை. அப்படிப்பட்ட குதிரையைக் காட்டும் நாளில் கவ்வுவதற்கு எதுவும் இல்லாத வெளியில்தான் கட்டியிருப்பார்கள். லாயத்தைக் காட்டச் சொல்லுங்கள், கதவின் மேல்விளிம்பு கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். குதிரையைத் துலக்கி வைக்கும் நேரத்தில் கதவை யாரும் துலக்குவதில்லை.

பந்தயக் குதிரையை உங்கள் தேவைக்கு நான் தரமாட்டேன். அது கெட்ட பிராணி அல்ல. பக்கத்தில் இன்னொன்று ஓடினால் தானும் ஓட வேண்டும் என்று இரண்டு வயதிலிருந்தே பழக்கப்பட்டது. கரையில் நாய் குரைத்து, வலை இழுப்பவர்கள் கூச்சலிட்டால், மேலே இருக்கும் ஆறு வயதுப் பிள்ளையை அது நினைவில் வைத்திருக்காது. மலிவாகக் கிடைப்பதற்கும் அதுவே காரணம். ஓடிய காலத்தில் தசைநாரில் பட்ட அடியும் சேர்ந்து வரும். முழங்காலுக்குக் கீழே காலின் பின்புறத்தை மேலிருந்து கீழாக விரலால் தடவினால் நாண் கம்பி போல் நேராக இருக்க வேண்டும். வில்லாக வெளியே தள்ளியிருந்தால் அது பழைய காயம்.

மகள் வெளிநாடு போய்விட்டாள் என்பதற்கு ஒரு வார்த்தை. அந்த ஆளின் பழைய விளம்பரங்களைத் தேடிப் பாருங்கள். ஒரே தொலைபேசி இலக்கத்தில் நாலு குதிரை விற்றிருந்தால் மகள் பல முறை வெளிநாடு போயிருக்கிறாள்.

மிருகவைத்தியர்:

மலைநாட்டு அண்ணன் சொன்னவற்றோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். காலைத் தடவும்போது குளம்புக்குச் சற்று மேலே பின்புறத்தில் இரு பக்கமும் சிறு தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். தீராத குளம்பு வலிக்கு அங்குள்ள நரம்பை வெட்டிவிடும் சிகிச்சை ஒன்று உண்டு. அந்தக் குதிரை நொண்டாது. ஆனால் பாதத்தில் உணர்வில்லாததால் ஆணி ஏறினாலும் அதற்குத் தெரியாது. பிள்ளைகளை ஏற்றும் குதிரைக்கு அது ஆகாது.

சுழியைப் பற்றி: எந்தச் சுழி குடியைக் கெடுக்கும் என்பதை நான் நம்புவதில்லை, நானா கோபிக்க வேண்டாம். ஆனால் சுழியைப் பார்க்கவே வேண்டும். நெற்றியிலும் கழுத்திலும் மார்பிலும் உள்ள மயிர்ச்சுழிகள் பிறந்த நாளிலிருந்து மாறுவதில்லை. அதனால் பிற நாடுகளின் குதிரைக் கடவுச்சீட்டுகளில் வெள்ளைக் குறிகளோடு சுழிகளின் இடமும் வரையப்படுகிறது. நீங்கள் பார்த்த குதிரைதான் லொறியில் ஏற்றப்பட்டதா என்பதற்கு அதைவிட மலிவான சான்று இல்லை. நிறத்தை மாற்றலாம், பிடரியை வெட்டலாம், சுழியைத் திருப்ப முடியாது. பார்க்கும் நாளிலேயே இரு பக்கமும் முகமும் தெரியப் படமெடுத்துச் சுழிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டிக்காரன் (கிண்ணியா):

கோபமில்லை டொக்டர். மாட்டுக்குக் குறி சுட்டிருப்பதால் குறியைப் பார்த்தே எந்தப் பட்டி மாடு என்று எங்கள் பக்கத்தில் சொல்லிவிடுவோம். குதிரைக்குக் குறி இல்லையென்றால் சுழியாவது உதவட்டும்.

சட்டத்தரணி (உவர்மலை):

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனெனில் அந்த வெளிநாட்டு மகளின் கதைக்கும் சட்டத்துக்கும் தொடர்பிருக்கிறது. இலங்கையில் இதற்குப் பொருந்துவது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். விற்பவர் அந்தப் பொருளை வியாபாரமாக விற்பவராக இருந்து, நீங்கள் இன்ன தேவைக்கு வாங்குகிறேன் என்று தெரிவித்து அவருடைய அறிவை நம்பி வாங்கினால், அத்தேவைக்குப் பொருள் தகுதியானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சட்டமே உள்வைக்கிறது. சொந்தக் குதிரையை ஒரு முறை விற்கும் தனிமனிதர் மீது அந்த நிபந்தனை ஏறாது. அதனால்தான் வியாபாரி வீட்டுக்காரராக வேடம் போடுகிறார். பழைய விளம்பரங்களைப் படமெடுத்து வைக்குமாறு நானும் சொல்கிறேன். பிறகு அவை அழிக்கப்பட்டுவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்குப் பின்னர் முறையிட முடியாது. அரைகுறையாகப் பார்ப்பது உங்களுக்கே பாதகம். பார்ப்பதானால் விடயம் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போய் முழுமையாகப் பாருங்கள். விற்பவர் வாயால் சொன்னவற்றைப் பற்றுச்சீட்டில் எழுத்தாக வாங்குங்கள்: வயது, அடையாளங்கள், கரையோரத்தில் பிள்ளைகளை ஏற்றுவதற்கே வாங்கப்படுகிறது என்ற வாசகம், கடந்த இரு வாரங்களில் வலி நிவாரணியோ மயக்க மருந்தோ கொடுக்கப்படவில்லை என்ற உறுதி, இத்தனை நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்ற தவணை. அடையாள அட்டை இலக்கமும் கையொப்பமும் இருக்க வேண்டும். 'நல்ல குதிரை' என்று எழுதித் தருவதால் பயனில்லை. அது புகழ்ச்சி, உறுதிமொழி ஆகாது.

பிணக்கு வந்தால், தொகை குறைவானதாயின் வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக நேரும். அதுவரை அந்தக் குதிரைக்குத் தீனி போடுவது நீங்கள்தான் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

புதியவன் (சாம்பல்தீவு):

இவ்வளவு தலையிடி எதற்கு? நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் நிறைய நிற்கின்றன. ஒன்றைப் பிடித்துப் பழக்கித் தருவதாக ஒருவர் எனக்குச் சொன்னார், விலையும் மிகக் குறைவு.

ஓய்வுநிலை ஆசிரியர் (தம்பலகாமம்):

தம்பி, அந்த ஆளிடமிருந்து தள்ளியே நில்லுங்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்களாகச் சொல்லப்படும் அவை நெடுந்தீவின் சொத்து. தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. தனக்குச் சொந்தமில்லாததை விலை பேசுபவனிடம் வயதையும் நொண்டலையும் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

மிருகவைத்தியர்:

ஏமாற்று இல்லாமலேயே ஏமாறக்கூடிய ஓர் இடத்தை இன்னும் யாரும் தொடவில்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பிற்பகலில் நீங்கள் குளிர்ச்சட்டையோடு நின்று பார்க்கும் குதிரை, ஜூன் மாதக் கச்சான் காற்றில் நிலாவெளி மணலில் எப்படி இருக்கும் என்பதை விற்பவராலும் சொல்ல முடியாது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களுக்குக் கொண்டுவரப்படும் குதிரைகளில் சிலவற்றுக்கு வியர்ப்பது குறைந்து, சிலவேளை நின்றே போய்விடுகிறது. மாட்டைப் போலன்றிக் குதிரை தன் சூட்டைத் தணிப்பதற்குப் பெரிதும் வியர்வையையே நம்பியிருக்கிறது. வியர்வை நின்றால் ரோமம் வறண்டு, சிறிது நடந்தாலே மூச்சு வாங்கி, நிழலில் நிறுத்திய பின்னும் உடல் சூடு இறங்காது. வழமையான சூடு 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ். ஓய்வில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. இந்த எண்களைக் குறித்துக்கொண்டு, உங்கள் இடத்தில் வெயில் நேரத்தில் ஓட்டிப் பார்த்து மீண்டும் அளக்காமல் முழுப் பணமும் கொடுக்க வேண்டாம். சட்டத்தரணி ஐயா சொன்ன தவணை இதற்காகவே மிகவும் தேவை. முடிந்தால் தாழ்நிலத்தில் ஏற்கெனவே ஒரு வெயில் காலத்தைக் கழித்த குதிரையையே தேடுங்கள்.

எடையையும் நீங்களே கணிக்கலாம். முன்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவைச் சென்றிமீற்றரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டம் வரையான நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோகிராம் வரும். சுற்றளவு 150, நீளம் 130 என்றால் 246 கிலோ. சேணத்தோடு சேர்த்து அதில் ஐந்திலொன்றுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அதாவது 49 கிலோ. பெரியவர்களும் ஏறலாம் என்று மட்டக்குதிரையைக் காட்டிச் சொல்பவர் உங்கள் வருமானத்தைப் பெருக்கிக் காட்டுகிறார், அதன் முதுகைப் பற்றிச் சொல்லவில்லை.

கரையோரத்தான் (நிலாவெளி):

மலைநாட்டு அண்ணனின் உறவினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, சொன்ன நாளுக்கு முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். குதிரை உண்மையில் இருக்கிறது, காணொளியில் வந்த அதே குதிரைதான், சுழியும் நெற்றி வெள்ளையும் ஒத்துப்போகின்றன. வியர்வை உப்பு எதுவும் இல்லை, கண்ணும் தெளிவாக இருந்தது, தம்பி பக்கத்தில் போனதும் காதை முன்னால் வைத்து முகர்ந்து பார்த்தது. லாயக் கதவிலும் கடி இல்லை.

வாயைத் திறக்கச் சொன்னபோதுதான் அவர் தடுமாறினார். கடிக்கும் என்றார், பிறகு தாமே உதட்டை ஒரு பக்கம் மட்டும் தூக்கிக் காட்டினார். கூட வந்தவர் மேலுதட்டின் ஓரத்தை விரலால் விலக்கினார். மஞ்சள் படிந்த ஓரப் பல்லில் பழுப்பு நிறக் கோடு ஒன்று ஈறிலிருந்து இறங்கி, பல்லின் பாதியைச் சற்றுத் தாண்டி நின்றது. பற்களும் முன்னோக்கிச் சாய்ந்திருந்தன. அது கரட் தின்ற கறை என்றார் விற்பவர். கூட வந்தவர் நகத்தால் சுரண்டிக் காட்டினார். கோடு பள்ளமாக இருந்தது. அதன் பின் வயதைப் பற்றி அவர் பேசவில்லை, விலையைப் பற்றிப் பேசினார். வாசலுக்கு வருவதற்குள் கேட்ட தொகையில் மூன்றிலொன்று இறங்கிவிட்டது.

தார் வீதியில் ஓட்டிக் காட்டவும் ஒத்துக்கொண்டார். எனக்கு நொண்டல் எதுவும் தெரியவில்லை. கூட வந்தவர் இடது முன்காலில் சந்தேகமிருப்பதாகச் சொல்கிறார். இரத்தம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, குதிரைக்கு ஊசி என்றால் பயம் என்று மறுத்துவிட்டார். ஏழு வயதென்று பொய் சொன்னதை மன்னித்துப் பதினைந்து வயதுக் குதிரையை வாங்கலாமா, அல்லது அப்படியே விட்டுவிடுவதா?

மிருகவைத்தியர்:

வயது ஒரு குறையல்ல. பிள்ளைகளை ஏற்றுவதற்கு, எல்லாவற்றையும் பார்த்துப் பழகிய பதினைந்து வயதுக் குதிரையை ஐந்து வயதுக் குதிரையைவிட நான் விரும்புவேன். நன்றாகப் பராமரித்தால் இன்னும் பல ஆண்டுகள் மெதுவான வேலை செய்யும். அதற்கு ஏழு வயதின் விலை கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். எனக்குத் தடையாக இருப்பது இரண்டு விடயங்கள் சேர்ந்து நிற்பது. காலில் சந்தேகம், இரத்தத்துக்கு மறுப்பு. தனித்தனியே ஒவ்வொன்றுக்கும் விளக்கம் இருக்கலாம். ஒன்றாக வரும்போது, நீங்கள் முதல் நாளே போனதால் மருந்து முழுதாக வேலை செய்வதற்கு முன் பார்த்துவிட்டீர்கள் என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பத்து நாள் கழித்து, சொல்லாமல் மீண்டும் போய், அதே வீதியில் ஓட்டிப் பாருங்கள். சந்தேகம் கூடியிருந்தால் விட்டுவிடுங்கள். ஓட்டம் சீராக இருந்தால் இரத்தத்தை மீண்டும் கேளுங்கள். நோயில்லை என்று காட்டப் பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்து வைத்தியர் ஒருவரை அவரே அழைக்கலாம், செலவு உங்களுடையது என்று சொல்லுங்கள்.

மலைநாட்டான்:

என் மாமா மகன் அந்தக் காலைப் பற்றிச் சந்தேகம் என்று சொன்னால் நான் அதைச் சந்தேகமாக எடுக்க மாட்டேன், தம்பி. அவன் பேச்சு அப்படித்தான், குறைத்தே சொல்வான். அவசரப்பட வேண்டாம். தம்புள்ளைப் பக்கம் எனக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் நலமடித்த மட்டக்குதிரை ஒன்று நிற்கிறது, மூன்று வெயில் காலத்தைத் தாண்டியது. விற்கும் எண்ணம் அவருக்கு இன்னும் வரவில்லை. வந்தால் தனிமடலில் அறிவிக்கிறேன்.

கரையோரத்தான் (நிலாவெளி):

டொக்டர் சொன்ன நிபந்தனையை எழுத்தில் அனுப்பினேன். தார் வீதிக்கு எப்போதும் சம்மதம் என்று உடனே பதில் வந்தது. வைத்தியரைப் பற்றிய வரிக்குப் பதில் இல்லை. இன்று காலை அதே குதிரைக்குப் புதிய விளம்பரம் போட்டிருக்கிறார், இம்முறை எட்டு வயது. படமெடுத்து வைத்திருக்கிறேன். அண்ணா, தம்புள்ளைக்காரரின் எண்ணம் மாறினால் முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள்.